கொத்து வாங்கிய செவலை

வீட்டில் ஏழெட்டு நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். வெள்ளைக்கழிச்சல் என்றால் எல்லாருக்கும் தெரியும், தடுப்பு மருந்தும் போட்டுவிடுகிறோம். கோழியைக் கோழியே கொத்திக் கொல்வதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

கரிசல் மண்ணில் இதற்கென்று ஒரு பருவமே உண்டு. கோடையில் கவலையில்லை. கோழிகள் புழுதியில் புரளும், மண்வெடிப்பில் பூச்சி தேடும், பொழுது போய்விடும். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் கதை வேறு. சேறு காலில் கட்டி கட்டியாக அப்பிக்கொள்ள, நடக்கமாட்டாமல் எல்லாம் தாழ்வாரத்தில் ஒண்டி நிற்கும். கிண்ட இடமில்லை, பொறுக்க ஒன்றுமில்லை. சும்மா இருக்கிற மூக்கு பக்கத்துக் கோழியின் வாலடி இறகைத் தேடும்.

எங்கள் வீட்டில் எட்டுப் பெட்டை, ஒரு சேவல். போன ஐப்பசியில் மூன்று நாள் மழை வெறித்த காலையில், சீமைக்கருவேலப் புதரிலிருந்து வந்த கீரி ஒன்று செவலைக் கோழியைப் பின்பக்கம் கவ்வியது. நான் கம்பெடுத்து ஓடவும் விட்டுவிட்டு ஓடிவிட்டது. வாலடியில் இறகு போய், தோல் கிழிந்து ரத்தம். அதைத் தூக்குவதற்குள் மற்ற கோழிகள் சூழ்ந்துகொண்டு காயத்திலேயே கொத்தத் தொடங்கிவிட்டன. கீரிக்குத் தப்பியது கூட்டாளிகளுக்குத் தப்பவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது தேறாது அண்ணாச்சி. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான, அடிச்சிருங்க" என்றார். என் மனைவி கேட்கவில்லை. "பதினொரு குஞ்சு பொரிச்சு, ஒண்ணைக்கூடப் பருந்துக்குக் குடுக்காம வளத்த கோழி. பாப்போம்" என்றாள்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காயத்தைக் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டோம். மஞ்சள் புண்ணுக்கு, வேப்பெண்ணெய் ஈக்கு. ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் கோழி பிழைப்பது கஷ்டம். திண்ணை ஓரத்தில் பஞ்சாரத்தைப் போட்டு, உள்ளே காய்ந்த சாக்கு விரித்து, கம்பஞ்சோறும் தண்ணீரும் வைத்தோம். இரண்டு நாள் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. மூன்றாம் நாள் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்துக் கொடுத்ததும் எழுந்து நின்று தின்றது. பதினைந்து நாளில் புண் பொருக்குத் தட்டி, புது இறகு முளைவிட்டது.

சிரமமே அதற்குப் பிறகுதான். திறந்துவிட்ட அரைமணி நேரத்துக்குள் மறுபடியும் அடி. இப்போது காயமும் இல்லை, ரத்தமும் இல்லை. பின் எதற்கு?

நார்வேக்காரர் ஒருவர், தோர்லீஃப் ஷெல்டரப்-எப்பே, சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதியவர். எந்தக் கோழி எதைக் கொத்தும், எது எதற்கு ஒதுங்கும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வரிசை இருப்பதை 1922-ல் ஆய்வாக வெளியிட்டார். தீனிக்கு முந்துவது, நல்ல இடத்தில் அடைவது எல்லாம் அந்த வரிசைப்படிதான். ஒரு கோழி கொஞ்ச நாள் இல்லாவிட்டால் அதன் இடம் போய்விடுகிறது. திரும்பி வந்தால் அது அந்நியம்.

உட்கார்ந்து கவனித்தேன். தலைவியான புள்ளிக்கோழி செவலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. விரட்டி விரட்டி அடித்தது கறுப்பிதான். செவலை இருந்தபோது அதற்கு அடுத்த இடத்தில் இருந்தது கறுப்பி. கிடைத்த இடத்தை விட மனமில்லை. மருத்துவ விடுப்பு முடிந்து வருகிறவரின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதை அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்போம்.

செவலையைப் பஞ்சாரத்தோடு முற்றத்தின் நடுவில் வைத்தோம். ஒரு வாரம் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே மேய்ந்தன. அடிபடத்தான் வழியில்லை. பிறகு கறுப்பியைப் பிடித்து, வீட்டின் பின்பக்கம் கண்ணில் படாத இடத்தில் நான்கு நாள் அடைத்துவிட்டு, செவலையை ராத்திரியில் கூட்டில் மற்றவற்றோடு ஏற்றினோம். இருட்டில் கோழி சண்டை போடாது. விடிந்ததும் தீனியை மூன்று இடத்தில் இறைத்து, தண்ணீரையும் இரண்டு சட்டியில் வைத்தோம். முருங்கைக் கொத்தைத் தலைக்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டோம்; மூக்குகளுக்கு வேலை கிடைத்தது. நான்கு நாள் கழித்து வந்த கறுப்பி, தானே புதிதாய் வந்ததுபோல் ஒதுங்கி நின்றது.

பெரிய முட்டைப் பண்ணைகளில் கொத்துக்குப் பயந்து குஞ்சிலேயே மூக்கு நுனியை வெட்டிவிடுகிறார்கள். நம் முற்றத்துக்கு அது வேண்டியதில்லை. மழைநாளில் நனையாத இடத்தில் ஒரு குழி சாம்பலும் புழுதியும் போட்டுவையுங்கள். தானியத்தோடு கொஞ்சம் புண்ணாக்கோ கரையானோ கொடுங்கள். ரத்தம் கண்டால் உடனே பிரித்துவிடுங்கள். திரும்பச் சேர்க்கும்போது, அடிபடுகிற கோழியை அல்ல, அடிக்கிற கோழியை நான்கு நாள் விலக்கி வையுங்கள்.

செவலைக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. முன்பு தலைவிக்கு அடுத்தபடி அடைந்தது, இப்போது கம்பின் கடைசியில் அடைகிறது. தையில் மறுபடி முட்டை வைத்தது. மாசியில் அடை உட்கார்ந்து ஒன்பது குஞ்சு இறக்கியது. குஞ்சுகளோடு இருந்தவரை கறுப்பி உட்பட எதுவும் அதன் பக்கம் போகவில்லை.