வில் சோமர்ஸுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய வில் சோமர்ஸ் அவர்களுக்கு,

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியை நான். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அவையில் கோமாளியாக இருந்த உங்களுக்கு நன்றி சொல்லவே எழுதுகிறேன்.

அது எப்பேர்ப்பட்ட அவை! 1535-இல் முன்னாள் சான்சலர் தாமஸ் மோரின் தலை போனது. மறு வருஷம் அரசி ஆன் பொலினின் தலை. 1540-இல், மன்னருக்கு வலக்கையாக இருந்த தாமஸ் குரோம்வெல்லின் தலை. கணக்குப் போட்டுப் பேசியவர்களே தப்பாத இடத்தில், மன்னரின் முகத்துக்கு நேரே நீங்கள் சொன்னீர்கள்: அரண்மனைக் கணக்கர்களும் வசூல்காரர்களும் எல்லாவற்றையும் தாங்களே சுருட்டிக்கொள்கிறார்கள் என்று. 1553-இல், உங்கள் காலத்திலேயே, தாமஸ் வில்சன் இதைத் தம் புத்தகத்தில் எழுதிவிட்டார்.

ஹென்றியின் மகன் எட்வர்டு காலத்துக் கணக்கில், உங்களைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆளுக்குப் பணம் கொடுத்த பதிவு இருக்கிறது. அதையும் வைத்து, நீங்கள் பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். மன்னரிடம் நீங்கள் பேசிய அந்தப் பேச்சு வெகுளித்தனமா, சாதுரியமா என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. என் பிள்ளைகளும் எதிரில் இருப்பது யார் என்று பார்த்துப் பேசுவதில்லை. பட்டதைச் சொல்வார்கள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1545 வாக்கில் வரைந்த அரச குடும்ப ஓவியம் இருக்கிறது. நடுவே ஹென்றி, பக்கத்தில் மகன், எப்போதோ இறந்துபோன அவன் தாய் ஜேன் சீமோர். வலது ஓரத்து வளைவில், தோளில் குரங்கோடு நீங்கள். வீட்டு விசேஷப் படத்தில் இப்படிப்பட்ட பிள்ளையை நிற்கவைக்கத் தயங்கும் பெற்றோருக்கு இந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன். அதற்காகவே முதல் நன்றி.

ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை ஒரு பணக்காரர் வேலியிட்டு வளைத்துவிட்டார் என்று வந்த ஏழை உறவினரை மன்னர் முன் நிறுத்தி, நிலத்தை மீட்டுக் கொடுத்தீர்கள் என்று 1600-இல் நகைச்சுவை நடிகர் ராபர்ட் ஆர்மின் எழுதினார். செவிவழிக் கதையாகவே இருக்கட்டும், ஏழைகள் உங்களை எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதற்கு அது போதும்.

ஹென்றி, எட்வர்டு, மேரி மூவரும் போனபின், எலிசபெத் ஆட்சியில், 1560 ஜூனில் நீங்கள் காலமானீர்கள். படுக்கையிலா, எப்படி என்பது முக்கியமில்லை, வெட்டுமேடையில் இல்லை.

இந்த மடலைப் படிக்கும் லண்டன் வாசகர்களே, ஷோர்டிட்ச் புனித லெனார்ட் தேவாலயத்தில் வில் சோமர்ஸின் பெயர் பொறித்த நினைவுக்கல் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

நன்றியுடன்,
ஓர் ஆசிரியை