டிரம்ஸுக்கு இடம் விட்டவர்

ஹெர்பி நிக்கோல்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பரிதாபத்தில்தான் தொடங்குகிறார்கள். 1919-இல் நியூயார்க்கில் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர். 1963-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது வயது 44. ஏ. பி. ஸ்பெல்மன் நான்கு ஜாஸ் கலைஞர்களின் வாழ்க்கையைச் சொன்ன புத்தகத்தில் நிக்கோல்ஸும் ஒருவர். ஆனால் அந்தப் புத்தகம் வந்தது 1966-இல், அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் கழித்து. எல்லாம் உண்மைதான். ஆனாலும் இந்தச் சோகக் கதை அவருடைய இசைக்கு முன்னால் வந்து நின்று மறைப்பதாகவே எனக்குப் படுகிறது. கேட்டால் அத்தனை உற்சாகமான இசை அது!

அந்தக் காலத்துப் பியானோ டிரியோக்களில் (மூவர் குழுக்களில்) டிரம்ஸ்காரருக்குப் பெரும்பாலும் தாளத்தைக் காப்பாற்றுகிற வேலைதான். பியானோ பேசி முடித்தபின் அவருக்கென்று கொஞ்ச நேரம் கிடைக்கும். நிக்கோல்ஸ் மெட்டைப் போடும்போதே டிரம்ஸையும் உள்ளே வைத்துப் போட்டார். ஒரு வரி முடியும் இடத்தில் கையை எடுத்துவிடுவார். மிச்சத்தை டிரம்ஸ் சொல்லி முடிக்கும். நம் ஊரில் மிருதங்கக்காரரைப் பாராட்டும்போது ‘பாட்டுக்கு வாசிக்கிறார்’ என்போமே, அந்த வாசிப்பு இங்கே பாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ப்ளூ நோட் நிறுவனம் 1955-இலும் 1956-இலும் அவரைப் பதிவு செய்தபோது டிரம்ஸில் உட்கார்ந்தவர்கள் ஆர்ட் பிளேக்கியும் மேக்ஸ் ரோச்சும். அவர் விட்ட இடத்தின் அருமை தெரிந்த கைகள்.

‘ஹவுஸ் பார்ட்டி ஸ்டார்ட்டிங்’ என்று ஒரு பாட்டு. பெயரைப் பார்த்தால் கும்மாளம் என்று நினைப்போம். வருவதோ நிதானமான நடை, லேசாகக் கனத்த மனசு. விருந்துக்கு வந்தவர் வாசலிலேயே தயங்கி நிற்கிற மாதிரி இருக்கும். மெட்டு முடியப்போகிறது என்று காது தயாராகும்போது இன்னொரு பக்கம் திரும்பிவிடும். அந்தத் திருப்பங்களில் ரோச் ஆர்ப்பாட்டமே இல்லாமல் கூடவே வருவதைக் கவனிக்க வேண்டும்.

இப்படி எழுதியவர் வயிற்றுப்பாட்டுக்கு மதுக்கூடங்களில் டிக்ஸிலாண்ட் என்ற பழைய பாணி ஜாஸ் வாசித்தார். கேட்டவர்களுக்கு வேண்டியது பழைய பாட்டு. தன் பாட்டை வாசிக்க அவருக்கு மேடை அரிது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. உலகத்துக்குத் தெரிந்த அவருடைய ஒரே மெட்டு ‘லேடி சிங்ஸ் தி ப்ளூஸ்’. ‘செரனேட்’ என்று அவர் போட்டிருந்த மெட்டுக்குப் பாடகி பில்லி ஹாலிடே வரிகள் எழுதிப் பாடினார். அவருடைய சுயசரிதையின் பெயரும் அதுவே. பாட்டு ஹாலிடேயின் பாட்டாகவே நிலைத்துவிட்டது.

பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் சாயல் இவரிடம் இருப்பதாகச் சொல்வார்கள். மங்க்கைப் பலரும் கண்டுகொள்ளாத 1944-இலேயே அவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவர் நிக்கோல்ஸ். ஆகவே உறவு உண்டு. ஆனால் மங்க் விடுகிற இடைவெளியில் அடுத்த ஸ்வரம் எங்கே விழுமோ என்று காத்திருக்கிறோம். நிக்கோல்ஸ் விடுகிற இடைவெளியில் இன்னொருவர் பேச வந்துவிடுகிறார்.

அவர் எழுதிய பாட்டுகள் நூற்றைம்பதுக்கும் மேல் என்கிறார்கள். தந்தை வீட்டில் இருந்த கையெழுத்துப் பிரதிகள் பலவும் அவர் இறந்தபின் தண்ணீர் புகுந்து அழிந்தன. தப்பியவற்றில் சில, டிராம்போன் கலைஞர் ராஸ்வெல் ரட்டின் கையில் இருந்தன. 1960-களின் தொடக்கத்தில் நிக்கோல்ஸோடு சேர்ந்து வாசித்தவர் அவர். யாரும் பதிவு செய்யாத அந்தப் பாட்டுகளை 1990-களில் டிராம்போன், கிட்டார், டிரம்ஸ் என்று மூன்றே வாத்தியங்களில் இரண்டு ஆல்பங்களாகக் கொண்டுவந்தார். பியானோ கிடையாது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நிக்கோல்ஸின் விரல்களோடு ஒப்பிடாமல் மெட்டை மட்டும் கேட்க முடிகிறது. அதற்கு முன்பே நெதர்லாந்தில் பியானோ கலைஞர் மிஷா மெங்கல்பெர்க்கும், பிறகு நியூயார்க்கில் ஃபிராங்க் கிம்ப்ரோவும் பென் ஆலிசனும் சேர்ந்து நடத்திய குழுவும் நிக்கோல்ஸின் பாட்டுகளை வாசித்தார்கள்.

புதிதாகக் கேட்கிறவர்கள் ‘தி தேர்ட் வேர்ல்ட்’ பாட்டில் தொடங்கலாம். முதல் தடவை பியானோவைக் கேளுங்கள். இரண்டாம் தடவை பிளேக்கியை மட்டும்.