புழுதியை வரையப் புழுதி

ராபர்ட்சன்பேட்டையில் பருவம் மாறியதை மரங்களைவிடக் குன்றுகள் தெளிவாகச் சொல்லும். கடைத்தெருவைத் தாண்டி சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பக்கம் போனால் மட்டமான தலையோடு நிற்கின்றன அவை. இயற்கை படைத்தவை அல்ல. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு. 1880லிருந்து 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்படும் வரை நடந்த வேலையின் மிச்சம்.

கோடையில் குன்று வெளுத்துக் கண்ணைக் கூசவைக்கும். ஆடிக் காற்று அம்மியைப் பறக்கவிடுகிறதோ இல்லையோ, இந்த மண்ணைப் பறக்கவிடும். விளிம்பு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஐப்பசி மழையில் அதே குன்று கனத்த பழுப்பாகிவிடும். மழை அறுத்த ஓடைகள் நிழலோடு எடுப்பாகத் தெரியும். 2018ல் வந்த ‘கே.ஜி.எஃப்’ படம் இந்த ஊரைக் கரி பூசிக் காட்டியது. நிஜத்தில் இங்கே கறுப்பு ரொம்பக் குறைவு.

ஓவியருக்கு இதைவிடப் பொறுமையாக உட்கார்ந்து ‘போஸ்’ கொடுக்கும் பொருள் கிடைக்காது. எதைக் கொண்டு தீட்டுவது என்பதில்தான் சிக்கல்.

கடையில் பேஸ்டல் கேட்டால் பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகளின் ஆயில் பேஸ்டல் பெட்டியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஜப்பானின் சகுரா நிறுவனம் 1920களில் கொண்டுவந்த சரக்கு. எண்ணெயும் மெழுகும் கலந்தது, தூள் உதிராது. ஓவியர்கள் சொல்லும் மென் பேஸ்டல் வேறு. நிறத்தூள், கொஞ்சம் சுண்ணத்தூள், கட்டியாக நிற்பதற்கு மட்டும் துளி பிசின். சொரசொரப்பான தாளில் இழுத்தால் தாளின் பள்ளங்களில் தூள் உட்கார்ந்துகொள்ளும். காய வேண்டிய ஈரம் கிடையாது. எண்ணெய் இல்லாததால் நாளடைவில் மஞ்சள் பாரிக்கும் கவலையும் இல்லை. வெயிலில் வெளுத்த குன்றின் அந்த வறண்ட, மினுக்கமற்ற வெண்மைக்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் எது? புழுதியை வரையப் புழுதி.

உதிர்ந்த தூளை வாயால் ஊதாதே, தாளைத் தட்டிக் கீழே விடு என்பது பேஸ்டலின் முதல் பாடம். ஊதினால் தூள் எழும்பி மூச்சில் போகும். கோலார் தங்கவயலில் இந்தப் பாடத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானது 1934ல், இதே சுரங்கங்களில். 1940களில் நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் 43 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இருந்தது. பாறைத் தூள் நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. இந்தக் குன்றை அழகாக மட்டும் தீட்டிவிட்டுப் போக முடியாததற்கு இது ஒரு காரணம்.

மழைக்காலத்தில் பேஸ்டல் கைவிட்டுவிடும். ஈரக் காற்றில் தாள் தொய்யும், பூஞ்சை பிடிக்கும். அப்போது எண்ணெய் வண்ணம்தான். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி இறுகுகிறது. நாள் கணக்காகும், மழையில் இன்னும் தாமதம். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே கூடுதலாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெடிப்பு விழும். ஆனால் நனைந்த மண்ணின் கனம் எண்ணெயில்தான் வரும்.

சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரில், ருமாலே சென்னபசவையாவுக்கு (1910-1988) இந்தச் சங்கடம் இருந்திருக்காது. சுதந்திரப் போராட்ட வீரரான அவர் நீர்வண்ணத்திலும் எண்ணெயிலும் தீட்டியது அந்நகரின் பூமரங்களை. ஒன்று உதிர்ந்தால் இன்னொன்று பூக்கும்படி ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் கிரம்பீகல் திட்டமிட்டு மரம் வளர்த்த ஊர் அது. பெங்களூருக்குப் பருவத்தையே ஒருவர் ஏற்பாடு செய்து கொடுத்தார். தங்கவயலுக்கு வாய்த்தது கழிவுமேடு.

மேட்டைத் தீட்டிப் பெயர் வாங்கியவர்களும் உண்டு. பிரான்ஸில் க்ளாட் மோனே 1890-91ல் தன் வீட்டருகே வயலில் நின்ற கதிர்ப்போர்களை ஏறத்தாழ 25 எண்ணெய் ஓவியங்களாக்கினார். அறுவடை முடிந்த வெயில், பனி, உருகும் பனி எல்லாம் அதே போரின் மேல். வெளிச்சம் மாறினால் கேன்வாஸை மாற்றிவிடுவார். அதே 1890ல் எட்கர் டெகா வேறு வழி பார்த்தார். வெட்டவெளியில் ஸ்டாண்டு போட்டு வரைபவர்களைக் கிண்டல் செய்தவர் அவர். பர்கண்டிப் பயணத்தில் பார்த்த நிலக்காட்சிகளை நினைவிலிருந்து எடுத்தார். தகட்டில் எண்ணெய் வண்ணத்தைப் பூசித் தாளில் ஒற்றி, அந்த மங்கலான பதிவின் மேல் பேஸ்டலை ஏற்றினார். அடியில் எண்ணெய், மேலே தூள்.

மோனேயின் பொறுமை பெரிது. ஆனால் இந்தக் குன்றுக்குப் பொருந்துவது டெகாவின் முறைதான். மழையில் ஊறிய உடம்பு அடியில் இருக்கட்டும். அதன் மேல் காற்று கிளப்பும் புழுதி கையாலேயே வந்து படியட்டும். உதிராமல் இருக்க மேலே கெட்டிப்படுத்தும் திரவத்தைத் தெளிக்கலாம். ஆனால் நிறம் கொஞ்சம் இருண்டுவிடும். கண்ணாடிச் சட்டத்துக்குள், தாளில் கண்ணாடி உரசாமல் வைப்பதே நல்லது.

தள்ளிப்போட நேரமில்லை. மோனேயின் போர்கள் கதிரடிக்கும் நாள்வரைதான் நின்றன. இங்கும் அப்படியொரு நாள் வரலாம். 13 குன்றுகளிலும் சேர்ந்து கிடக்கும் சுமார் 3.3 கோடி டன் கழிவை மறுபடி தோண்டி, மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தோண்டும்போது எழும் புழுதி எந்தப் பருவத்தில், எந்தத் தெருப் பக்கம் போகும் என்று ராபர்ட்சன்பேட்டைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.