கருவிலேயே விலங்கு

பினாங்கு சூலியா தெரு மாமாக் கடையில் உட்கார்ந்து, விர்ஜீனியாவின் 1662ஆம் ஆண்டுச் சட்டமொன்றை வாசிக்க நேர்ந்தது: தாய் அடிமையெனில், தந்தை ஆங்கிலேயனே ஆயினும், பிறக்கும் சிசுவும் அடிமையே.

நெஞ்சு கொதிச்சுப் போச்சு.

அப்புறம்தான் நம்ம ஊர் ஞாபகம் வந்துச்சு.

1833இல் அடிமைத்தனத்தை ஒழிக்கச் சட்டமியற்றிய அதே பிரிட்டிஷ் பாராளுமன்றம், கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்களுக்கு விதிவிலக்கு அளித்தமையால், பினாங்கு அந்தப் புண்ணியத்துக்கு வெளியே நின்றது; அக்கரையில், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில், நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்துத் தேய்ந்த அந்த முறையோ 1910இல்தான் ஒழிந்தது.

தே தாரிக்கில் இன்னொரு கரண்டி சீனி கேட்டுக்கிட்டே இவ்வளவு தர்மாவேசம் எனக்கு!

சரி, இன்றைக்கு அந்நியத் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்கிற முதலாளிகளில், நம்மாளுங்க எத்தனை பேரு?