வெளிச்சக் கணக்கு

மார்ச் 2, ஞாயிறு

கும்பகோணத்தில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ஒட்டு வீடுகள். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், பக்கவாட்டில் ஜன்னலுக்கு இடமே கிடையாது. வாசலில் நுழைந்தால் ரேழி, பிறகு கூடம், முற்றம், அடுப்படி, கொல்லை. முற்றத்துக்குத் தகரம் போட்டதிலிருந்து பட்டப்பகலிலும் உள்ளே இருட்டுத்தான். விடியற்காலையில் போடும் ரேழி டியூப் லைட் ராத்திரி கதவு சாத்தும்போதுதான் அணைகிறது.

அம்மாவுக்கு 74 வயது. ரேழி விளக்கு ஒன்றை மட்டும் விட்டுவைப்பாள். மற்ற இடங்களில் விளக்கு எரிந்தால் பொறுக்காது. இன்று அடுப்படியில் முறத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கித் தூக்கிப் பிடித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவிட்சைத் தட்டினேன். “பகல்ல எதுக்குப்பா? 500-ஐத் தாண்டிட்டா பில் எகிறிடும்” என்றாள்.

அவள் கணக்கில் பிசகில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டோடு போகாது, கீழ்ப்படியில் இருக்கிற யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். போன வருஷம் இதே கோடையில் 518 வந்தது. அந்தப் பதினெட்டு யூனிட்டுக்குக் கொடுத்த விலைதான் அம்மாவை இருட்டில் உட்கார வைத்திருக்கிறது.

இந்தச் சிக்கனம் எனக்குச் சம்மதமில்லை. வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, உள்ளே இருக்கிற லென்ஸ் மஞ்சளிக்கிறது. இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குப் போய்ச் சேரும் என்பார்கள். எனக்குப் போதும் என்று தோன்றுகிற வெளிச்சம் அம்மாவுக்கு அரையிருட்டு.

மார்ச் 8, சனி

மாலையில் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கூடத்திலும் ரேழியிலும் பழைய தாமிரச் சோக் போட்ட 40 வாட் டியூப் லைட்டுகள். அடுப்படியில் 60 வாட் குண்டு பல்பு. அம்மா படுக்கும் அறையிலும் மாடிப்படியிலும் ராத்திரி முழுக்க எரியும் ஜீரோ வாட் பல்பு. 2012 மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டருக்காக வாங்கிய சுருள் சிஎஃப்எல் சில, பாதி உயிரோடு.

“எல்லாத்தையும் ஒரே நாள்ல கழட்ட வேண்டாம் தம்பி. எது ரொம்ப நேரம் எரியுதோ அதைப் பாருங்க. வாட்ஸ் அப்புறம்” என்றார்.

அவர் போன பிறகு மீட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போதைய மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் மீட்டரில் யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கிறது. ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், டிவி, மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, செல்போன் கடிகாரத்தில் சிமிட்டலுக்குச் சிமிட்டல் நேரம் பார்த்தேன்.

குண்டு பல்பு ஏறக்குறைய 19 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டியது. 60 வாட்டுக்கு அது சரி. டியூப் லைட் 21, 22 விநாடி. அதாவது 40 வாட் என்று பெயர் போட்ட டியூப் உண்மையில் 52 வாட்டுக்குப் பக்கத்தில் குடிக்கிறது. மிச்சம் சோக்கில் சூடாகப் போகிறது. சோக்கின் மேல் கை வைத்தால் தெரியும்.

அடுத்ததுதான் என்னை உலுக்கியது. ஜீரோ வாட் பல்பு 75 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டியது. கணக்குப் போட்டால் 15 வாட். அடுப்படிக்குப் போடலாம் என்று அண்ணன் சொன்ன எல்இடி பல்பே 9 வாட்தான். ஒரு சமையலறைக்கே போதுமான வெளிச்சம் தருகிற பல்பைவிட, பேரில் ஜீரோ வைத்துக்கொண்டு மினுக்குகிற பல்பு அதிகம் தின்கிறது. அதையும் ராத்திரிக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு இடத்தில் எரியவிட்டிருக்கிறோம். இரண்டு மாதத்தில் அவை மட்டும் 16 யூனிட். பகலில் அம்மா அணைத்து அணைத்து மிச்சம் பிடித்ததெல்லாம் ராத்திரி இந்த வழியாகப் போயிருக்கிறது.

ரேழி டியூப் ஒரு நாளைக்கு 14 மணி நேரம். இரண்டு மாதத்துக்கு 43 யூனிட்டுக்கு மேல். பரணில் இருக்கிற குண்டு பல்பு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எரியும். அதை மாற்ற அவசரமே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

கடைத்தெருவுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் எடுத்த எடுப்பில் “எத்தனை வாட்ஸ் சார்?” என்றான். வாட் என்பது பல்பு எவ்வளவு தின்கிறது என்ற கணக்கு, எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பது லூமென். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 9 வாட் என்று எழுதிய இரண்டு பல்புகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் 900 லூமென், இன்னொன்றில் 720. விலையில் பத்து ரூபாய்தான் வித்தியாசம். நம் ஊர்க் குண்டு பல்பு 60 வாட் எரித்து 700 சொச்சம் லூமென் தரும். தின்கிற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாக வெளிவராது, மற்றதெல்லாம் சூடு.

நிறத்தையும் பார்த்து வாங்கினேன். 6500 கெல்வின் என்றால் டியூப் லைட் வெள்ளை, 3000 என்றால் குண்டு பல்பின் மஞ்சள். கீரையில் புழு, அரிசியில் கல் தெரிய வேண்டும் என்பதால் அடுப்படிக்கு வெள்ளை. அம்மாவின் அறைக்கும் பூஜை மாடத்துக்கும் மஞ்சள்.

எரியவிட்டுக் காட்டச் சொன்னேன். செல்போன் கேமராவை விளக்குக்கு நேரே பிடித்தால், மட்டமான பல்பாக இருந்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். நம் கண்ணுக்குத் தெரியாத துடிப்பு அது. நாள் முழுக்க அதன் கீழே உட்கார்ந்தால் சிலருக்குத் தலைவலி வரும். எழுபது ரூபாய்க்குக் கொடுத்த பெயர் தெரியாத பல்பில் பட்டை பட்டையாக ஓடியது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

2014-இல் மத்திய அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது எல்இடி பல்பு ஒன்று 310 ரூபாய். 2015 ஜனவரி 5 அன்று எல்இடி பல்புகளை மலிவாக வழங்கும் உஜாலா திட்டம் தொடங்கியது. 2016-இல் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. நாடு முழுக்க 36 கோடிக்கும் மேல் பல்புகள் விநியோகமாயின. கோடிக்கணக்கில் வாங்கியதால் விலை விழுந்தது. வசதி இருப்பவன் வீட்டுச் சாமானாக இருந்த ஒன்று பெட்டிக்கடைக்கு வந்து சேர்ந்ததை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

மார்ச் 15, சனி

அண்ணன் வந்து எல்லாவற்றையும் பொருத்தினார். ரேழிக்கும் கூடத்துக்கும் 20 வாட் எல்இடி டியூப் செட். பழைய சோக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நல்ல கனம், ஒரு பக்கம் கருகியிருந்தது. அடுப்படிக்கு 9 வாட். ஜீரோ வாட் இருந்த இரண்டு இடத்திலும் அரை வாட் இரவு விளக்கு.

மிச்சமாகப் போகிற யூனிட்டில் கொஞ்சத்தை எடுத்து இன்னொரு வேலையும் செய்தேன். அம்மா உட்கார்ந்து காய் நறுக்கும் இடத்துக்கு நேர் மேலே தனியாக ஒரு 9 வாட், கொல்லை வாசல் படிக்கு ஒரு 5 வாட். அந்தப் படி உயரம் அதிகம், இருட்டில் கால் இடறும். அடுப்படியில் இப்போது இரண்டு பல்பும் சேர்ந்து எரிந்தாலும் 18 வாட், பழைய குண்டு பல்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீட்டர் முன்னால் அம்மாவைக் கூட்டிவந்து நிறுத்தி, சிவப்பு விளக்கு சிமிட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தாள். “சரி, எரியட்டும்” என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

கழற்றிய சிஎஃப்எல்களையும் டியூப் லைட்டுகளையும் என்ன செய்வது? நாளைக் காலை குப்பை வண்டியில் போட்டுவிட்டால் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஆவியாகி வெளியே வரும். நம் குப்பையைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளர் அக்காவின் மூக்குக்குத்தான் முதலில் போகும். பாதரசம் என்ன செய்யும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாத சங்கதி இல்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது, பாதரசம் கலந்த அந்த மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய வழக்கும் வாதமும் அதற்குப் பிறகு பல வருஷம் ஓடின.

2016-இன் திடக்கழிவு விதிகள் சிஎஃப்எல், டியூப் லைட் இரண்டையும் வீட்டு அபாயக் கழிவு என்ற வகையில் சேர்த்தன. தனியாகக் கட்டித் தனியாகக் கொடுக்க வேண்டும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இணைந்த நாடுகள் 2022-இல் கூடி, 30 வாட் வரையிலான வீட்டு சிஎஃப்எல் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025-உடன் நிறுத்துவதென்று முடிவெடுத்தன. ஆக, புதிதாக வருவது நிற்கும். பழையது நம் பரண்களில்தான் இருக்கிறது.

செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கி, மேலே பெரிதாக “பாதரச விளக்கு – உடைக்காதீர்” என்று எழுதி வைத்திருக்கிறேன். எடுத்து அடுக்கும்போது ஒன்று கைதவறி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அம்மாவிடம் சொன்னேன். ஜன்னல், கதவைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே போய்விட வேண்டும். துடைப்பத்தால் கூட்டக் கூடாது. கெட்டி அட்டையால் அள்ளி, ஒட்டுநாடாவால் தூளை ஒற்றி எடுத்து, மூடி போட்ட பாட்டிலில் அடைக்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முன்பு எப்போதோ வாங்கிச் சீக்கிரமே செத்துப்போன மலிவு எல்இடி பல்பு ஒன்றின் மேல்மூடியை அண்ணன் இன்று கழற்றிக் காட்டினார். அலுமினியத் தட்டில் மூக்குத்திக் கல் அளவில் மஞ்சள் சதுரங்கள். ஒன்றின் நடுவில் மட்டும் கறுப்புப் புள்ளி. அந்த ஒன்று போனதால் மொத்தமும் போய்விட்டது, எல்லாம் ஒரே தொடராக இணைத்தவை. “முக்கால்வாசி இப்படிப் போகும், இல்லேன்னா உள்ளே இருக்கிற டிரைவர் சர்க்யூட் போகும். ரெண்டுக்கும் சூடுதான் காரணம்” என்றார். மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் எல்இடி போடக் கூடாது என்று அவர் சொல்வதன் காரணம் புரிந்தது.

அந்த மஞ்சளுக்கு அடியில் இருப்பது நீல விளக்கு. சிவப்பு எல்இடியை 1962-இலேயே நிக் ஹோலோன்யாக் செய்துவிட்டார். நீலம் கிடைக்க இன்னும் முப்பது வருஷம் பிடித்தது. காலியம் நைட்ரைடு என்ற பொருளோடு ஜப்பானில் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவரும் விடாமல் போராடினார்கள். நீலம் வந்த பிறகுதான் அதன் மேல் மஞ்சள் பூச்சுப் பூசி வெள்ளை எடுக்க முடிந்தது. 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. எங்கள் அடுப்படி வெளிச்சத்துக்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருப்பதை அம்மாவிடம் சொன்னேன். ஜப்பான்காரர்கள் நன்றாக இருக்கட்டும் என்றாள்.

மே 4, ஞாயிறு

ரீடிங் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மின்விசிறி மூன்றும் இரவு பகலாக ஓடியும் 449 யூனிட். போன கோடையில் 518. கூடுதலாக இரண்டு விளக்கு போட்ட பிறகும் 69 யூனிட் குறைந்திருக்கிறது, 500-க்கும் கீழே நிற்கிறோம். பல்புகளுக்கும் டியூப் செட்டுகளுக்கும் கூலிக்கும் ஆன செலவு சில பில்களிலேயே திரும்பிவிடும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அதிக நேரம் எரியும் விளக்கையும், ராத்திரி முழுக்க எரியும் ஜீரோ வாட் பல்பையும் இந்த வாரமே மாற்றுங்கள். கடையில் லூமென் பார்த்து வாங்குங்கள். பழைய சிஎஃப்எல்லைக் குப்பை வண்டியில் மற்றதோடு போடாமல் தனியாகக் கட்டிக் கொடுங்கள். மிச்சமாகும் யூனிட்டில் ஒரு சின்னப் பங்கை எடுத்து, வீட்டுப் பெரியவர்கள் உட்காரும் இடத்துக்கு மேலே இன்னொரு விளக்கு போட்டுக் கொடுங்கள்.