வண்டியோடு எடை போடு

தம்பி, நம்ம நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலை 1842-இல் வந்தது. அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாரத்தோடு ஒரு தடவை, இறக்கிவிட்டுக் காலியாக ஒரு தடவை, அவ்வளவுதான் எடை மேடையில் ஏறும். ஒவ்வொரு கழியாக எடை போட்டால் பொங்கல் போய் சித்திரை வந்துவிடும். இதெல்லாம் தெரிந்தும், சென்னையில் வேலைக்குப் போனதும் நான் போட்டது கழி கழியாக எடைதான்.

சி++-இல் எழுதிய பழைய காம் காம்பொனென்ட் ஒன்று. அதிலிருந்து பதிவுகளை எடுத்து சி ஷார்ப்பில் ரிப்போர்ட் தர வேண்டும். டிஎல்பிஇம்ப் கருவியை ஓட்டினேன். டைப் லைப்ரரியைப் படித்து இன்டர்ஃபேஸ்களை அதுவே எழுதிக் கொடுத்தது. ஆனால் ரிப்போர்ட் பட்டனை அழுத்திவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம், அவ்வளவு மெதுவு.

குற்றவாளி 'நெக்ஸ்ட்' என்ற மெத்தட். எத்தனை வேண்டும், எந்த அரேயில் போட, எத்தனை கிடைத்தது என்று மூன்று கேள்வி அதற்கு. நூறு பதிவுகளை ஒரே தடவையில் தரக்கூடியது. கருவியோ நடுவில் இருந்த அரேயை ஒற்றைப் பதிவாக எழுதிவிட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் டாட்நெட்டிலிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும்; போகும்போது மதிப்புகளை மாற்ற வேண்டும், வரும்போது பிழை எண்ணைப் பார்க்க வேண்டும்.

எனவே அந்த இன்டர்ஃபேஸை நானே மறுபடி எழுதினேன். அதே ஜியுஐடி, அரே என்று சொல்லும் மார்ஷல் குறிப்பு, 'பிரிசர்வ்சிக்'கும் போட்டேன். அது இல்லாவிட்டால் 'கேட்ட அளவு இல்லை, மிச்சம் இதுதான்' என்று சொல்லும் எஸ்-ஃபால்ஸ் நம் கைக்கு வராது. ரிப்போர்ட் பறந்தது. எனக்கும் தலைக்கனம் ஏறியது.

அதே இன்டர்ஃபேஸில் இருந்த 'ஸ்கிப்' மெத்தட் நமக்கு எதற்கு என்று அந்த வரியை அழித்தேன். கம்பைலர் வாயைத் திறக்கவில்லை. காம் பக்கத்தில் மெத்தடுக்குப் பெயர் கிடையாது தம்பி, எத்தனையாவது என்பதுதான் கணக்கு. முதல் மூன்று இடம் ஐஅன்நோனுக்கு. பிறகு நெக்ஸ்ட், ஸ்கிப், ரீசெட், க்ளோன். ஸ்கிப்பை எடுத்ததும் ரீசெட் ஓர் இடம் மேலே ஏறிவிட்டது. நான் ரீசெட்டைக் கூப்பிட்டால் அங்கே ஓடியது ஸ்கிப். எத்தனை தாண்ட என்று நான் சொல்லாததால், கிடைத்த குப்பை எண்ணை எடுத்துக்கொண்டது. சில நாள் பதிவுகள் குறைந்தன, சில நாள் புரோகிராமே விழுந்தது. மூன்று நாள் ராத்திரி தூக்கம் போச்சு. பழியை அந்தப் பழைய காம்பொனென்ட் மேல் போட்டுக்கொண்டிருந்தேன், அதுதான் இன்றைக்கும் கூச்சம்.

டாட்நெட் 8-இல் காமோடு பேசும் குறியீட்டைக் கம்பைல் செய்யும்போதே உருவாக்கித் தரும் வசதி வந்திருக்கிறது என்கிறாய், சரி. அதிலும் வரிசையை நீதான் எழுத வேண்டும். முதலில் எந்த அழைப்பு நேரம் தின்கிறது என்று அளந்து பார். ஒரு நாளைக்கு நாலு தடவை மட்டும் கூப்பிடுவதைத் தொடாதே. ஞாயிற்றுக்கிழமை வரும்போது லேப்டாப்போடு, மெத்தட் வரிசை எழுதியிருக்கும் ஐடிஎல் ஃபைலையும் கொண்டு வா.