கடல் பார்க்காத அம்மாவுக்கு ஒரு பயணம்

விடுமுறை என்றால் பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லை, ஆண்களுக்கு வேலை இல்லை. பெண்களுக்கோ அன்றுதான் அடுப்பு கூடுதலாக எரிகிறது. சுற்றுலா போனாலும் இதே கதைதான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சமைத்து, பார்சல் கட்டி, பிள்ளைகளை வெளிக்கிடுத்திய களைப்பில், வான் புறப்பட்டதும் அவள் தூங்கிவிடுகிறாள். பார்க்கப் போனதை மற்றவர்கள்தான் பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று எங்கள் வீட்டில் பேச்சு வந்தபோது, மகள் சொன்ன இடம் ஆப்பிரிக்கா! தொலைக்காட்சியில் பார்த்த ஆசை. தன்சானியா நாட்டில் செரெங்கெட்டி சமவெளியில் விலங்குகள், 5,895 மீற்றர் உயர்ந்த கிளிமஞ்சாரோ மலை, சன்சிபார் தீவில் கடற்கரை. ஒரே பயணத்தில் மூன்றையும் பார்க்கலாமாம். விமானச் சீட்டின் விலையை நினைத்து எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவள் கேட்ட மூன்றும் கண்டியிலிருந்து ஒரு நாள் பயணத் தூரத்திற்குள் நமக்கு இருக்கின்றனவே என்று எனக்குத் தோன்றியது. கொப்பியை எடுத்துத் திட்டம் எழுத உட்கார்ந்தேன்.

"நீங்க போயிட்டு வாங்க புள்ள, நான் வீட்டப் பாத்துக்கிறேன்" என்றார் அம்மா.

அம்மாவுக்கு 70 வயது. 38 வருடங்கள் மலையில் கொழுந்து பறித்தவர். யானையைப் பெரஹராவில், சங்கிலியோடும் அலங்காரத்தோடும்தான் பார்த்திருக்கிறார். கடலை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவருடைய முன்னோர் கடல் கடந்து வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் ஏராளம். அப்படி மலை ஏறியவர்களின் பேத்திகளில் எத்தனை பேர் திரும்ப இறங்கிக் கடலைப் பார்த்திருக்கிறார்கள்? அம்மா வராவிட்டால் பயணமே இல்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு திட்டம் முழுவதையும் அவருடைய முழங்கால் வலியை வைத்தே போட்டோம்.

முதல் நாள் மலை. நக்கிள்ஸ் மலைத்தொடரின் உச்சிகளில் ஏற அம்மாவால் முடியாது. ஆனால் மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் போகும் பாதை மலைக்கு ஊடாகவே செல்கிறது. வாகனத்தை நிறுத்திவிட்டுப் பாதையோரத்தில் நின்றே பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். 2010இல் உலக மரபுரிமைச் சொத்தாக யுனெஸ்கோ அறிவித்த மத்திய மலைநாட்டில் இந்த மலைத்தொடரும் அடங்குகிறது. காற்று பலமாக வீசுமென்பதால் போர்வையும், மழை பெய்தால் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நம் மலைகளில் ஏற்படுத்திய மண்சரிவுகளை மறக்க முடியாது. ஆகவே பாதை எப்படி என்று முதலிலேயே அவ்வூராரிடம் விசாரிப்பது என்றும் எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் யானை. ஆப்பிரிக்காவைப் போலவே இங்கும் வறட்சிதான் விலங்குகளை ஓரிடத்தில் சேர்க்கிறது. ஜூலை முதல் ஒக்டோபர் வரை, மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தில் நீர் வற்ற, வெளியே தெரியும் ஈர நிலத்தில் புல் முளைக்கும். அதைத் தின்ன யானைகள் குட்டிகளோடு கூட்டங் கூட்டமாக வரும். மொறகஹகந்த நீர்த்தேக்கத்தின் தண்ணீர் வரத் தொடங்கிய பின், குளம் வற்றாத வருடங்களில் புல்லும் குறைவு, யானையும் குறைவு. எனவே மின்னேரியாவா, கவுடுல்லையா என்பதை ஹபரணையில் கேட்டு முடிவெடுப்பதே நல்லது. போவது பின்னேரம். ஜீப் குலுக்கும் என்பதால் அம்மாவுக்கு முன் இருக்கையும் ஒரு தலையணையும். யானைகளுக்கு அருகே வாகனத்தைக் கொண்டுபோக வேண்டாம் என்று சாரதியிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம். குட்டியோடு நிற்கும் தாயின் பதற்றம் நமக்குத் தெரியாததா?

மூன்றாம் நாள் கடல். கண்டியிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய 180 கிலோமீற்றர். ஹபரணையில் தங்கிவிட்டால் பாதித் தூரம் முடிந்துவிடும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கொந்தளிக்கும் கிழக்குக் கடல், மே முதல் செப்டெம்பர் வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். காலையில் கோணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வெயில் தணிந்ததும் உப்புவெளி மணலில் அம்மாவை நடக்க வைக்க வேண்டும். நான்காம் நாள் வீடு.

பணத்துக்கு நாங்கள் மூன்று குடும்பங்கள் மாதம் 5,000 ரூபா வீதம் சேர்க்கிறோம். பத்து மாதத்தில் 1,50,000 ரூபா. கண்டிப் பெரஹரா முடிந்த பிறகு புறப்படுவதால் நகரத்தின் பாதை மூடலும் இல்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வேலைப் பங்கீடும் உண்டு. நான்கு நாட்களும் எந்தப் பெண்ணும் அடுப்பு மூட்டுவதில்லை. ஒரு வேளை பாணும் சம்பலும் என்றாலும் கடையில்தான். தேநீர்ப் போத்தலும் பைகளும் ஆண்களின் பொறுப்பு. அண்ணன் கொஞ்சம் முணுமுணுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

அம்மா இன்னமும் "எனக்கு எதுக்கு?" என்றுதான் சொல்கிறார். ஆனால் போன வாரம், "கடல் தண்ணி குளிருமா புள்ள?" என்று மெதுவாகக் கேட்டார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் ஒருத்தி இருப்பாள். அடுத்த பயணத்துக்குப் பெயர்ப் பட்டியல் எழுதும்போது அவளுடைய பெயரை முதலில் எழுதுங்கள். வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போகலாம்.